கொலைத் தண்டமும் கொல்லா விரதமும்





நாம் நீரை வடிகட்டி அருந்துகிறோம். இருள் சூழ்ந்தபின் உண்பதைத் தவிர்க்கிறோம். மண்ணுக்குள் விளையும் கிழங்கைக் கூடப் பலர் நம்மில் விலக்கியிருக்கின்றோம். கண்ணுக்குத் தெரியாத ஓரறிவுயிர்க்கும் நம்மால் இன்னல் நேரலாகாது என்பதே இவ்வொழுக்கங்களின் கருத்து. ஆயினும், ஏதேனும் ஒரு கொடிய கொலைச் செய்தி நாளிதழில் வந்துவிட்டால், அதே இல்லங்களில், அதே நாவினால், “இவனைத் தூக்கிலிட வேண்டும், தெருவில் நிறுத்திச் சுட வேண்டும்” என்று சொல்லிவிடுகின்றோம். ஓரறிவுயிரிடத்தில் காட்டும் தயை ஆறறிவுயிரிடத்தில் நின்றுவிடுவது முறையா? மரணதண்டனை குற்றத்தைத் தடுக்கின்றதா? தடுப்பினும் அது அறமாகுமா? இவ்வினாக்களை நம் ஆகமநெறியின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுறுத்த விரும்புகின்றோம். கொடுமை கண்டு கொதிப்பது தீயோர் இயல்பன்று. துன்புற்றவர்பால் இரக்கம் உள்ளவர்க்கே அக்கொதிப்பு எழும். ஆகவே “தூக்கிலிடுக” என்போரை இரக்கமற்றோர் என்று நாம் இகழ்தல் தகாது. அவ்விரக்கம் எத்திசையில் செல்ல வேண்டும் என்பதே கேள்வி.

நால்வகை இம்சை

இல்லறத்தார் முற்றத் துறந்த முனிவரல்லர். ஆதலின் அவர்க்கு விதிக்கப்பட்டது அணுவிரதம். இம்சையை நம் ஆசிரியர்கள் நான்காகப் பகுத்துரைப்பர். சமைத்தல், பெருக்கல் முதலிய மனைத்தொழில்களில் நேர்வது ஆரம்ப இம்சை. உழவு, வாணிகம் முதலிய பிழைப்புத் தொழில்களில் நேர்வது உத்தியோக இம்சை. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் நாட்டையும் பகைவனிடமிருந்து காக்கும்போது நேர்வது விரோத இம்சை. கொல்ல வேண்டும் என்று எண்ணித் துணிந்து செய்வது சங்கற்ப இம்சை. முதல் மூன்றினையும் இல்லறத்தான் இயன்றவரை குறைத்துக்கொள்ள வேண்டும். நான்காவதனை அறவே விட வேண்டும். இதுவே அணுவிரதத்தின் எல்லைக்கோடு.

மரணதண்டனை இந்நான்கனுள் எதனைச் சாரும்? “சமூகத்தைக் காப்பதற்காகச் செய்யப்படுவதால் அது விரோத இம்சையே, ஆதலால் இல்லறத்தார்க்கும் அரசர்க்கும் விலக்கன்று” என்று நம்மவரிலும் சிலர் கூறுவர். இக்கூற்றைச் சிறிது நின்று எண்ணிப் பார்ப்போம். இரவில் வாளோங்கி வீடு புகுந்தவனைத் தடுக்கும் போராட்டத்தில் அவன் இறந்துபட்டால் அது விரோத இம்சை. அக்கணத்தில் வேறு வழியில்லை. ஆனால் தூக்குமேடையில் நிற்பவன் யார்? கைது செய்யப்பட்டவன், பல ஆண்டுகள் கம்பிகளுக்குப் பின்னே இருந்தவன், கைகள் பின்புறம் கட்டப்பட்டவன், முகம் துணியால் மூடப்பட்டவன். அவனால் அக்கணத்தில் எவர்க்கும் தீங்கு செய்ய இயலாது. அவனைக் கொல்வதற்கு நாள் குறிக்கப்படுகிறது, நேரம் குறிக்கப்படுகிறது, அவன் எடைக்கேற்பக் கயிற்றின் நீளம் கணக்கிடப்படுகிறது. இத்துணை எண்ணமும் ஏற்பாடும் கூடிய ஒரு செயலைச் சங்கற்பம் என்னாமல் வேறு எச்சொல்லால் குறிப்பது? தாக்குதலைத் தடுக்கும் கணம் கடந்துபோயிற்று. எஞ்சியிருப்பது எண்ணித் துணிந்த கொலையே.

இன்னும் ஒன்றுண்டு. வினை ஒருவனைப் பற்றுவது அவன் தன் கையால் செய்யும்போது மட்டுமன்று. செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்று வாயில்களாலும், மனம், மொழி, மெய் என்னும் மூன்று கருவிகளாலும் வினை வந்து சேரும் என்பது நம் கொள்கை. கயிற்றை இழுப்பவன் ஒருவன், இழுக்கச் செய்வது அரசு, உடன்படுவோர் நாமெல்லாம். மக்களாட்சியில் தண்டம் ‘மன்னன் ஆணை’ என்று சொல்லி நாம் ஒதுங்கிக்கொள்ள வழியில்லை. நம் பெயரால், நம் வரிப்பணத்தால் அது நிறைவேறுகின்றது.

2020ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் விடியற்காலை 5.30 மணிக்குத் தில்லி திகார் சிறையில் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். 2012 திசம்பரில் ஓடும் பேருந்தில் ஓர் இளம்பெண்ணுக்கு இழைக்கப்பட்ட சொல்லொணாக் கொடுமைக்காக விதிக்கப்பட்ட தண்டனை அது. அப்பெண்ணுக்காக அழாத நெஞ்சம் நெஞ்சமன்று. ஆயினும் அன்று விடியுமுன் சிறைவாயிலில் கூடி நின்றோர் ஆரவாரித்ததை நினைத்துப் பாருங்கள். ரௌத்திர தியானத்தின் வகைகளுள் முதலாவதாக இம்சானந்தத்தை நம் நூல்கள் வைத்தன. பிறிதோர் உயிர் அழிவதில் மகிழ்ச்சி கொள்ளும் மனநிலை அது. இறப்பவன் எத்துணைத் தீயனாயினும், மகிழ்பவனுடைய ஆன்மாவின்மேல் படியும் கறை அதனால் குறைந்துவிடுவதில்லை.

அச்சம் குற்றத்தைத் தடுக்கின்றதா?

“அறம் ஒருபுறம் இருக்கட்டும். தூக்குக்கயிறு இல்லையேல் கொலைகள் பெருகாவோ?” என்பது அடுத்த வினா. இதற்கு விடை காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே தலை நிமிர்ந்து பார்த்தால் தெரியும் ஏலமலையே ஒரு சான்று.

இன்று கேரள மாநிலத்தைச் சேர்ந்த அம்மலைகள் அந்நாளில் திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தன. கீழேயுள்ள போடியோ சென்னை மாகாணத்து மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1944ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசு மரணதண்டனையை நீக்கியது. நாடு விடுதலையடைந்து, அவ்வரசு இந்திய ஒன்றியத்தில் இணைந்து, இந்தியத் தண்டனைச் சட்டம் அங்கும் நடைமுறைக்கு வந்தபோதுதான் தூக்குமேடை மீண்டது. ஆக, சில ஆண்டுகள், போடிமெட்டுக்குக் கீழே தூக்குக்கயிறு இருந்தது; மேலே இல்லை. அக்கால எண்ணிக்கைகளை அறிஞர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். மரணதண்டனை இல்லாதிருந்த 1945 முதல் 1950 வரையிலான காலத்தில் திருவிதாங்கூர்ப் பகுதியில் நிகழ்ந்த கொலைகள் 962. அது மீண்டும் நடைமுறைக்கு வந்த 1950 முதல் 1955 வரையிலான காலத்தில் நிகழ்ந்தவை 967. கயிறு அகன்றபோது கொலை பெருகவுமில்லை; கயிறு மீண்டபோது கொலை குறையவுமில்லை.

இவ்வோர் எண்ணிக்கை கொண்டே முடிவு கட்டிவிடுதல் ஆகாது. மக்கள்தொகை, வறுமை, காவல் முதலிய காரணங்கள் பலவாதலின் பிற நாடுகளையும் நோக்க வேண்டும். கனடா 1976இல் கொலைக் குற்றத்துக்கான மரணதண்டனையை ஒழித்தது. அதன்பின் வந்த ஆண்டுகளில் அந்நாட்டின் கொலை விகிதம் ஏறவில்லை; இறங்கியது. அமெரிக்க நாட்டின் தேசிய ஆராய்ச்சிக் குழு அதுவரை வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் 2012இல் சீர்தூக்கிப் பார்த்து, மரணதண்டனை கொலையைக் குறைக்கின்றது என்றோ, கூட்டுகின்றது என்றோ, மாற்றமேதும் செய்யவில்லை என்றோ சொல்வதற்கு அவ்வாய்வுகள் துணைசெய்யா என்று முடிவு கூறிற்று. நம் நாட்டுச் சட்ட ஆணையம் 1967இல் அளித்த அறிக்கையில் மரணதண்டனை இருக்கட்டும் என்றது. அதே ஆணையம் 2015 ஆகஸ்டில் அளித்த 262ஆவது அறிக்கையில், ஆயுட்சிறையைக் காட்டிலும் அது மிகுதியாகக் குற்றத்தைத் தடுக்கின்றது என்பதற்குச் சான்றில்லை என்று கண்டு, பயங்கரவாதமும் நாட்டின்மீது போர் தொடுத்தலும் தவிர்ந்த ஏனைய குற்றங்களுக்கு அதனை நீக்கிவிடுமாறு பரிந்துரைத்தது. அப்பரிந்துரை ஏற்கப்படவில்லை. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவிலும் மரணதண்டனை இடம்பெற்றுள்ளது.

ஓர் உயிரைப் போக்குவதற்குரிய காரணம் “ஒருவேளை பயன் தரலாம்” என்னும் ஐயமாக இருத்தல் தகுமா? நாம் ஓர் எறும்பை மிதிக்கும்முன் காட்டும் எச்சரிக்கை இங்கே எங்குப் போயிற்று?

வகுப்பறையில் நெடுங்காலம் நின்றோர் ஓர் உண்மையை அறிவர். பிரம்பு தடித்திருப்பதனால் மாணவன் தவறு செய்யாமல் இருப்பதில்லை. ஆசிரியர் கண்டுபிடித்துவிடுவார், அன்றே கேட்பார் என்னும் உறுதியினாலேயே அவன் தன்னைக் காத்துக்கொள்கிறான். தண்டனையின் கடுமையினும் அதன் தப்பாமையே தடுக்கும் ஆற்றலுடையது. சினத்திலும் மதுவிலும் மூழ்கிக் கத்தியை ஓங்குபவன் சட்டப்புத்தகத்தை நினைப்பதில்லை. திட்டமிட்டுக் கொல்பவனோ தான் அகப்படமாட்டேன் என்று நம்பியே கொல்கிறான். இருவர்க்கும் கயிறு தொலைவில் இருக்கின்றது. தமிழ்நாட்டில் இறுதியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1995 ஏப்ரல் 27ஆம் நாள், சேலம் மத்திய சிறையில். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நம் மாநிலத்தில் அக்கயிறு அசையவில்லை. இக்காலமெல்லாம் நம்மைக் காத்து வந்தவை காவலும் சிறையும் நன்மக்களின் ஒழுக்கமுமேயன்றித் தூக்குமேடையன்று.

வாரிசேணனும் கோவலனும்

ஸ்ரீ சமந்தபத்திராசாரியர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் ஐந்து அணுவிரதங்களுக்கும் ஐவரை எடுத்துக்காட்டாக நிறுத்துகின்றது. அவ்வைவருள் இருவருடைய வரலாறு கொலைத்தண்டத்தைப் பற்றியது என்பதை நாம் கூர்ந்து நோக்குவதில்லை. கொல்லாமைக்கு எடுத்துக்காட்டான மாதங்கனைப் பின்னர்க் காண்போம். கள்ளாமைக்கு எடுத்துக்காட்டு வாரிசேணன்.

வாரிசேணன் சிரேணிக மன்னனின் மைந்தன். ஒரு சதுர்த்தசி இரவில் இடுகாட்டில் தியானத்தில் நின்றிருந்தான். காவலர் துரத்த ஓடிவந்த கள்வன் ஒருவன் தான் திருடிய ஆரத்தை அவனருகே போட்டு மறைந்தான். பொருள் அருகில் கிடந்தது. ஆள் அங்கே நின்றான். வேறு சான்று எதற்கு? தந்தையே மகனுக்குக் கொலைத்தண்டம் விதித்தான். ஓங்கிய வாள் அவன் கழுத்தில் மலர்மாலையாயிற்று என்பது வரலாறு. நீதி பிழைத்தது, தெய்வம் திருத்திற்று.

தமிழில் நம் இளங்கோவடிகள் பாடிய வரலாற்றிலோ வாள் மாலையாகவில்லை. மதுரையில் பொற்கொல்லன் சொன்ன ஒரு சொல்லை நம்பிப் பாண்டியன் ஆணையிட்டான். கையில் சிலம்பு இருந்தது. வேறு சான்று எதற்கு? கோவலனைக் கண்ட காவலர்க்கே ஐயம் தோன்றிற்று. ஆயினும் ஒருவன் வாள் வீசினான். கண்ணகி சிலம்பை உடைத்து மாணிக்கப் பரல் தெறித்தபோது உண்மை வெளிப்பட்டது. மன்னன் தன் பிழையை உணர்ந்தான், உயிரையே விட்டான். எனினும் அவ்வுயிர் கோவலனை மீட்டுத் தரவில்லை. வழிநெடுக உயிர்களுக்கு ஊறு நேராவண்ணம் அவ்விருவரையும் அழைத்து வந்த நம் கவுந்தியடிகள் இச்செய்தி கேட்டு உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தார். ஒரு தீர்ப்பு, அதனால் அழிந்தவை எத்தனை உயிர்!

வாரிசேணன் வரலாறு காட்டும் அற்புதத்தை நாம் வணங்குவோம். ஆனால் அரசாள்வோர் அற்புதத்தை நம்பிச் சட்டம் இயற்றலாகாது. அவர்கள் நினைவில் நிற்க வேண்டியவன் கோவலன்.

சுருளி மலையடிவாரத்தில்

போடியிலிருந்து தேவாரம், கோம்பை வழியே தெற்கு நோக்கிச் சென்றால் உத்தமபாளையம் வரும். அங்கே பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் அமைதியே வடிவாக வீற்றிருக்கின்றன. அச்சணந்தி அடிகளின் பெயரும் அங்கே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. மேலும் தெற்கே கம்பத்தைக் கடந்து கூடலூருக்கு மேலுள்ள மலைமுடியில் மங்கலதேவி கண்ணகி கோட்டம் உள்ளது. பிழைபட்ட தீர்ப்பினால் கணவனை இழந்தவள் வந்து சேர்ந்த மலை இதுவே என்று போற்றி, சித்திரைப் பௌர்ணமியன்று நம் பகுதி மக்கள் அங்கே ஏறிச் செல்கின்றனர். அதே மலைத்தொடரின் அடிவாரத்தில்தான் சுருளி அருவி விழுகின்றது.

2011ஆம் ஆண்டு மே மாதத்தில் அச்சுருளிப் பகுதியில் ஓர் இளைஞரும் ஓர் இளம்பெண்ணும் மிகக் கொடுமையான முறையில் கொல்லப்பட்டனர். தேனி மாவட்டமே பதறிற்று. வழக்கு நடந்து, தேனி அமர்வு நீதிமன்றம் 2018இல் ஒருவருக்கு மரணதண்டனை விதித்தது. 2019இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதனை உறுதி செய்தது. பின்னர் வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 2025 சூலை 15ஆம் நாள் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அவரை விடுதலை செய்தது. வழக்கின் பெருந்தூணாகக் கருதப்பட்ட மரபணுச் சான்றில், மாதிரிகள் யார் யார் கையில் எப்போது இருந்தன என்பது முறையாக மெய்ப்பிக்கப்படவில்லை என்றும், அவை மாசுபட்டிருக்கக் கூடும் என்னும் ஐயத்தை விலக்க இயலவில்லை என்றும் நீதிமன்றம் கண்டது. இனிமேல் இத்தகைய மாதிரிகளை எவ்வாறு கையாள வேண்டும் என்று நாடு முழுமைக்கும் நெறிமுறைகளையும் வகுத்தது.

ஏழாண்டுகள் ஒருவர் தூக்குக்கயிற்றின் நிழலில் வாழ்ந்திருக்கிறார். இரண்டு நீதிமன்றங்கள் “இவன் வாழத் தகுதியற்றவன்” என்றன. மூன்றாவது நீதிமன்றம் “குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை” என்றது. இடையில் கயிறு விரைந்திருந்தால்? சிறைக்கதவைத் திறக்கலாம்; சவக்குழியைத் திறந்து என்ன பயன்? இதனால் கொலையுண்ட அவ்விருவர்க்கும் நீதி கிடைத்துவிட்டதா எனின், அதுவும் இல்லை. பிழையான வழியில் தண்டனை தேடும்போது, இறந்தோர்க்குரிய நீதியும் சேர்ந்தே தொலைந்துபோகின்றது.

இது தனியொரு நிகழ்ச்சியன்று. திருப்பெரும்புதூரில் 1991இல் முன்னாள் பிரதமர் இராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கில், 1998 சனவரியில் பூந்தமல்லித் தனி நீதிமன்றம் 26 பேருக்கும் மரணதண்டனை விதித்தது. 1999 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் நால்வர்க்கு மட்டுமே அதனை உறுதி செய்தது. மூவர்க்கு ஆயுட்சிறையாகக் குறைத்தது. எஞ்சிய 19 பேரைக் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அந்நால்வரின் தண்டனையும் பின்னர் ஆயுட்சிறையாகக் குறைக்கப்பட்டது. முதல் தீர்ப்பே முடிந்த தீர்ப்பாக இருந்திருந்தால் எத்தனை பேர் மாண்டிருப்பர் என்று எண்ணும்போது நெஞ்சம் நடுங்குகின்றது. மரணதண்டனையை “அரிதினும் அரிதான” வழக்குகளில் மட்டுமே விதிக்க வேண்டும் என்று 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் வரையறுத்தது. எது அரிது, எது அரிதினும் அரிது என்பதை அளக்கும் கோல் நீதிபதிக்கு நீதிபதி வேறுபடுகின்றது என்பதையே அதன்பின் வந்த ஆண்டுகள் காட்டுகின்றன. அவ்வழக்கிலேயே மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதிபதி பகவதி அச்சுறுத்தும் இக்குறையைச் சுட்டிக்காட்டினார்.

களையும் பயிரும்

“ஐயன் வள்ளுவரே கொலைத்தண்டத்தை ஏற்றுக்கொண்டாரே!” என்று நம்மை நோக்கிக் கேட்போர் உண்டு. செங்கோன்மை அதிகாரத்தின் இறுதிக்குறளில், வேந்தன் கொடியோரை ஒறுத்தலைப் பயிர் காக்கக் களை நீக்கும் செயலோடு அவர் ஒப்பிடுகின்றார். தக்க வினாவே. மழுப்பாமல் விடை கூறுதல் நம் கடன்.

முதலாவது, அக்குறளில் வரும் சொல் ‘ஒறுத்தல்’ என்பது. தண்டித்தல் என்பது அதன் பொருள். பரிமேலழகர் ‘கொலை’ என்னும் சொல்லை அதனோடு கூட்டிக் கொலையால் தண்டித்தல் என்று உரை கண்டார். அச்சொல்லைக் கொடியாரோடு கூட்டி, கொலைத்தொழிலில் கொடியவராயினாரைத் தண்டித்தல் என்று பொருள் கொள்வாரும் உளர். இரண்டாவது, அதே ஆசிரியர் கொல்லாமை அதிகாரத்தில் தன்னுயிரே போவதாயினும் பிறவுயிரைப் போக்கலாகாது என்னும் கருத்தைத் தெளிவாக நாட்டியுள்ளார். ஐயமுள்ள இடத்துக்கு ஐயமற்ற இடத்தைக் கொண்டு பொருள் காண்பதே நூலறிந்தோர் முறை.

மூன்றாவது, உவமையின் நோக்கம் பயிரைக் காத்தல். களையின்மேல் சினம் கொள்ளுதலன்று. இதனை நம் ஏலத்தோட்டங்களில் வேலை செய்யும் பெண்டிர் நன்கறிவர். ஏலச்செடியின் வேர் ஆழ்ந்து செல்வதில்லை. ஆகவே தூரைச் சுற்றிக் கையால் பார்த்துப் பார்த்துக் களை பறிப்பர். ஏனைய இடங்களில் களையை வேரோடு கொத்தி எறியாமல், மேலாக அரிந்து அங்கேயே மூடாக்காக இடுவர். மலைச்சரிவில் சினத்தோடு மண்ணைச் சுரண்டினால், அடுத்த மழையில் களையோடு மண்ணும் போகும். மண்ணோடு ஏலமும் போகும். களை எடுப்போர்க்கு முதல் தகுதி எது பயிர், எது களை என்று பிழையின்றி அறிதல். சுருளி வழக்கையும் பூந்தமல்லித் தீர்ப்பையும் கண்டபின், அத்தகுதி மனிதர் அமைத்த எந்த நீதிமன்றத்துக்கும் முழுமையாக உண்டென்று எவர் சொல்ல வல்லார்? பயிரைக் காப்பதற்கு வேலியே போதுமாயின், சிறை என்னும் வேலியோடு நின்றுவிடுவதே குறளின் கருத்துக்கும் இசைவதாகும்.

மேலும், களை களையாகவே முடியும். மனித உயிர் அவ்வாறன்று. பவ்விய ஆன்மா எந்நிலையிலும் திரும்பக் கூடியது. கள்வனாயிருந்த அஞ்சனன் ஐயமற்ற நற்காட்சி பெற்று, துறந்து, முத்தியடைந்தான் என்று நம் நூல்கள் கூறவில்லையா? திருந்துவதற்குரிய வாழ்நாளை அறுத்துவிடும் உரிமையை எவ்வினை நமக்கு அளித்தது?

இழந்தோர் கண்ணீர்

இதுவரை கூறியவற்றைக் கேட்டு, மகளைப் பறிகொடுத்த ஒரு தாய், “உங்கள் தத்துவம் என் மகளைத் தருமா?” என்று வினவினால் நாம் தலைகுனிந்தே நிற்க வேண்டும். 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் தருமபுரி அருகே வேளாண் பல்கலைக்கழகப் பேருந்துக்குத் தீ வைக்கப்பட்டதில் மூன்று மாணவியர் உயிரோடு எரிந்து மாண்டனர். அவ்வழக்கில் மூவர்க்கு 2007இல் மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2010இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. 2016இல் அந்நீதிமன்றமே ஆயுட்சிறையாகக் குறைத்தது. 2018 நவம்பரில் அவர்கள் அரசினால் விடுதலை செய்யப்பட்டனர். இவ்விடுதலை கண்டு மனம் நொந்தவர் பலர். அந்நோவை நாம் எளிதாகத் தள்ளிவிடுதல் கூடாது.

மரணதண்டனை வேண்டாவென்போர் தண்டனையே வேண்டாவென்போர் அல்லர். அருளுக்கும் அலட்சியத்துக்கும் வேறுபாடு உண்டு. கொடுங்குற்றம் புரிந்தவர்க்குத் தண்டனைக் குறைப்பில்லாத நீண்ட சிறைவாசம் விதிக்கலாம் என்பதை உச்சநீதிமன்றம் 2008இல் ஏற்று, 2015இல் அரசியற்சாசன ஆயத்தின் வாயிலாக உறுதியும் செய்துள்ளது. ஆதலின் ‘கயிறு அல்லது விடுதலை’ என்னும் இருவழியே உள்ளது என்பது மயக்கம். குற்றவாளி வெளியே வந்து மீண்டும் தீங்கு செய்யாதவாறு காக்கும் மூன்றாம் வழி நம் சட்டத்திலேயே உண்டு.

இழந்தவரை நோக்கி “மன்னித்துவிடு” என்று கட்டளையிடும் உரிமையும் நமக்கில்லை. உத்தம க்ஷமை அவரவர் உள்ளத்தில் அவரவர்க்குரிய காலத்தில் மலர வேண்டியது. பிறர் பறித்துக் கொடுப்பதன்று. நாம் செய்யத்தக்கது வேறு. அவ்வில்லத்துக்குச் செல்லுதல், வழக்குமன்றத்துக்கு உடன் செல்லுதல், எஞ்சிய பிள்ளைகளின் படிப்பைத் தாங்குதல், ஆண்டுகள் கடந்து ஊரார் மறந்தபின்னும் நாம் மறவாதிருத்தல். அபய தானமும் ஆகார தானமும் அவர்க்கும் உரியன. கூட்டத்தோடு நின்று “தூக்கிலிடு” என்று கூவுதல் ஒரு நாழிகை வேலை. ஓர் இழந்த குடும்பத்தோடு பத்தாண்டு நிற்றலே அறம்.

மாதங்கன் காட்டிய வழி

இனி, கொல்லாமை அணுவிரதத்துக்கு ஆசாரியர் எடுத்துக்காட்டாக நிறுத்திய மாதங்கனைக் காண்போம். அவன் பெயர் யமபாலன். அவன் தொழில் என்ன தெரியுமா? கொலைத்தண்டம் நிறைவேற்றுதல்! அறநூல் ஆசிரியர் கொல்லாமைக்கு ஒரு முனிவரையோ அரசனையோ தேடவில்லை. கொலைக்களத்தில் வாளேந்தும் ஒருவனைத் தேடினார்.

போதனபுரத்து அரசன் மகாபலன் நந்தீசுவரப் பருவத்து எட்டு நாளும் தன் நாட்டில் எவ்வுயிரையும் கொல்லலாகாது என்று பறையறைவித்தான். அவன் மகனே அவ்வாணையை மீறி ஓர் ஆட்டைக் கொன்று உண்டான். அரசன் சினந்து மகனைக் கொல்ல ஆணையிட்டான். கொல்லாமை ஆணையைக் காப்பதற்கு ஒரு கொலை! இம்முரண்பாடு அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. யமபாலன் கண்ணுக்குத் தெரிந்தது. அவன் ஒரு முனிவரிடம் சிறிய விரதம் ஒன்று பெற்றிருந்தான். சதுர்த்தசி நாளில் மட்டும் எவ்வுயிரையும் கொல்வதில்லை என்பது அது. அன்று சதுர்த்தசி. “இளவரசன் குற்றமற்றவன்” என்று அவன் வாதாடவில்லை. “இன்று இக்கை கொல்லாது” என்று மட்டுமே கூறினான். அதற்காக அவனையும் முதலைகள் நிறைந்த மடுவில் எறிய ஆணை பிறந்தது. அவ்விடத்தே தேவர் அவனைக் காத்துப் போற்றினர், அரசனும் போற்றினான்.

பதினைந்து நாட்களுக்கு ஒருநாள் காக்கும் சிறிய விரதம். அதை மன்னனுக்கு எதிரேயும் விடாத உறுதி. குலத்தால் தாழ்ந்தவனென்று உலகம் ஒதுக்கிய ஒருவன், சிராவகர் அனைவர்க்கும் ஆசிரியனானான்.

நம் கையில் வாள் இல்லை. ஆனால் நாவில் சொல் உண்டு. உள்ளத்தில் உடன்பாடு உண்டு. ஆகவே இச்சிறு நியமத்தை நாம் மேற்கொள்வோம். எத்துணைக் கொடிய செய்தி வரினும் “கொல்லுக” என்னும் சொல்லை நாம் சொல்லாதிருப்போம். பிள்ளைகள் கேட்கும்படியாக எவர் சாவையும் கொண்டாடாதிருப்போம். “உறுதியாகவும் விரைவாகவும் விசாரியுங்கள், பிழையற விசாரியுங்கள், தீயோரைச் சிறையில் வையுங்கள், எங்கள் பெயரால் எவரையும் கொல்லாதீர்கள்” என்று ஆட்சியாளரை வேண்டுவோம். எல்லா நாளும் இயலாதெனின் யமபாலனைப் போல ஒரு சதுர்த்தசியில் தொடங்குவோம். பிறந்த சொல் வினையாகும். பிறவாது அடங்கிய சொல் சம்வரமாகும்.

எல்லாவுயிரும் அச்சம் நீங்கி வாழ்க! குற்றமுற்றோர் திருந்துக! இழந்தோர் ஆறுதல் பெறுக!

வாழ்க அருகன் நெறி! வளர்க கொல்லா அறம்!